கரஜீயின் நீர்நூலும் ஹரீம் பற்றிய ஒரு வினாவும்

அரபுக் கல்லூரிகளில் ஃபிக்ஹுப் பாடம் நடத்துவோர் ஆண்டுதோறும் விரைந்து கடந்து செல்லும் பகுதிகளுள் ஒன்று ‘இஹ்யாஉல் மவாத்’ என்னும் இயலாகும். உரிமையாளர் எவருமற்ற தரிசு நிலத்தை உழைப்பால் உயிர்ப்பிப்பவருக்கு அதில் எத்தகைய உரிமை உண்டு என்பதை அது பேசுகிறது. தொழுகை, வணிகம், திருமணம் ஆகிய இயல்களில் மாணவர்கள் காட்டும் ஆர்வத்தை இதில் காண முடியாது. ஆசிரியரும் பாடத்தை முடித்தால் போதும் என்றே எண்ணுவார். நாமும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறே நடத்தி வந்தோம்.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலில், அவ்வியலில், ‘ஆபாருல் கனாத்’ என்றொரு தொடர் வருகிறது. ஆபார் என்பது கிணறுகள். கனாத் என்பதற்கு இன்றைய அகராதிகள் கால்வாய் என்று பொருள் தருகின்றன. சூயஸ் கால்வாய்க்கும் அச்சொல்லே. தொலைக்காட்சி அலைவரிசைக்கும் அச்சொல்லே. ஆகவே ‘கால்வாய்க் கிணறுகள்’ என்று பெயர்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குச் செல்வது நம் வழக்கமாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், காசர்கோட்டு மலைப்பகுதியிலிருந்து வந்து ஓதிய மாணவர் ஒருவர், “உஸ்தாத், கால்வாய்க்கு எதற்குக் கிணறு?” என்று கேட்டார். அன்று நம்மிடம் விடை இல்லை.

மறுநாள் விரிவுரைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இங்கே கனாத் என்பது மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சமவெளிக்குக் கொண்டுவரப் பூமிக்குள் குடையப்படும் சுரங்கவழி என்றும், கிணறுகள் எனப்படுபவை அச்சுரங்கத்திற்குக் காற்று இறங்கவும் மண்ணை மேலே ஏற்றவும் வரிசையாகத் தோண்டப்படுபவை என்றும் விளக்கினோம். மாணவரின் முகம் மலர்ந்தது. “எங்கள் வீட்டின் பின்புறம் குன்றில் அப்படி ஒன்று உண்டு. சுரங்கம் என்போம்” என்றார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார்: மேற்புறத்துத் தோட்டக்காரர் ஆழ்துளைக் கிணறு போட்டபின் அச்சுரங்கத்தில் நீர் நின்றுவிட்டது, இதற்குக் கிதாபில் என்ன சட்டம்?

கிதாபில் உள்ளதைச் சொன்னோம். பொதுத் தரிசில் முன்னரே தோண்டப்பட்ட நீர்நிலைக்குத் தீங்கு விளையுமாறு பிறர் தோண்டலாகாது. ஆனால் ஒருவர் தம் சொந்த நிலத்தில் தோண்டும்போது, அதனால் அண்டை நிலத்தார் கிணற்றில் நீர் குறைந்தாலும் அவரைத் தடுப்பதற்கில்லை. மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மறுகேள்வி கேட்கவில்லை. அவருடைய அந்த மௌனமே அபூபக்ர் முஹம்மது அல்கரஜீயின் ‘இன்பாத்துல் மியாஹில் கஃபிய்யா’ என்னும் நூலிடம் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தியது. ‘மறைந்திருக்கும் நீர்களை வெளிக்கொணர்தல்’ என்பது அத்தலைப்பின் பொருள். அந்நூலைப் பற்றியும், அதை நாம் வாசித்துவந்த முறையின் குறைபாடு பற்றியும் சிலவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு புள்ளியும் ஓர் ஊரும்

கரஜீ ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் இறுதியிலும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த கணித மேதை. புவைஹிய ஆட்சியில் பாக்தாதில் இருந்தபோது, வஸீர் ஃபக்ருல் முல்க்கின் பெயரால் ‘அல்ஃபக்ரீ’ என்னும் இயற்கணித நூலை இயற்றினார். ‘அல்காஃபீ’, ‘அல்பதீஃ’ ஆகியவையும் அவருடையவை. இன்று பாஸ்கல் முக்கோணம் என்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் எண் அடுக்கை அவர் அறிந்திருந்தார் என்பதை, அவருக்குப் பின்வந்த ஸமவ்அல் தம் ‘அல்பாஹிர்’ நூலில் அவர் பெயரைச் சுட்டியே பதிவு செய்துள்ளார்.

அவருடைய பெயர் நெடுங்காலம் ‘அல்கர்கீ’ என்றே ஐரோப்பிய நூல்களில் வழங்கிற்று. 1853இல் ‘அல்ஃபக்ரீ’யின் சுருக்கத்தைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட வோப்கே அவ்வாறே எழுதினார். கர்க் என்பது பாக்தாதின் ஒரு பகுதி. 1933இல் இத்தாலிய அறிஞர் லெவி தெல்லா வீதா, இது ‘அல்கரஜீ’ என்றிருக்க வேண்டும் என்று வாதிட்டார். கரஜ் என்பது பாரசீகத்து ஜிபால், அதாவது மலைநாட்டு ஊர். இரண்டு பெயர்களுக்கும் எழுத்தில் உள்ள வேற்றுமை ஒரே ஒரு புள்ளி: அது எழுத்துக்கு மேலே நின்றால் ‘கா’, கீழே நின்றால் ‘ஜீம்’. நகரத்துக் கணக்கர் ஒருவர் சுரங்கக் கிணறுகளைப் பற்றி இத்துணை நுட்பமாக எழுதுவதற்கு என்ன தேவை இருந்தது என்ற ஐயம் புள்ளி கீழே இறங்கியதும் நீங்கிவிடுகிறது. சுரங்கக் கிணறுகளால் உயிர்வாழ்ந்த நாட்டின் மைந்தர் அவர்.

முன்னுரையில் அவரே தம் வாழ்வைக் குறிப்பிடுகிறார். இராக்கிற்கு வந்தபோது அங்குள்ள சிறியோரும் பெரியோரும் கல்வியை நேசிப்பதையும் கற்றோரை மதிப்பதையும் கண்டு கணிதத்திலும் வடிவியலிலும் தொடர்ந்து நூல்கள் எழுதியதாகவும், மலைநாட்டிற்குத் திரும்பியபின் அந்த ஊக்கம் அவிந்து போனதாகவும், பின்னர் அந்நாட்டு வஸீர் ஒருவரின் ஆதரவால் அது மீண்டும் துளிர்த்ததாகவும் சொல்கிறார். அவ்வாறு பிறந்ததே கி.பி. 1017 அளவில் இயற்றப்பட்ட இந்நூல். முதுமையில் ஊர் திரும்பிய அறிஞர் தம் கணிதத்தைத் தம் ஊரின் தண்ணீருக்குச் செலவிட்டார் என்றே நாம் இதை வாசிக்கிறோம்.

இந்நூல் அச்சேறியது நம் நாட்டில் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. ஹைதராபாத் தக்காணத்தின் ‘தாயிரத்துல் மஆரிஃபில் உஸ்மானிய்யா’ 1940இல், ஹிஜ்ரி 1359இல், இதனை வெளியிட்டது. 1973இல் அலீ மஸாஹிரீ இதைப் பிரெஞ்சில் பெயர்த்தார். நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் தாயிரத்துல் மஆரிஃபின் ஹதீஸ் வெளியீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பக்கத்தில் இச்சிறு நூலைக் காண்பது அரிது.

புகழ்ச்சி மறைத்தவை

கரஜீயை நாம் முற்றிலும் மறந்துவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. முஸ்லிம் அறிவியலாளர்கள் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளில் அவ்வப்போது அவர் பெயர் இடம்பெறுவதுண்டு. ஆயினும் அது ஒரு பட்டியலில் ஒரு பெயராகவே நின்றுவிடுகிறது. ஐரோப்பாவுக்கு முன்னரே நம்மவர் கண்டறிந்தனர் என்னும் ஒரே வாக்கியத்திற்குச் சான்றாக அவர் அழைக்கப்படுகிறார். சாட்சியம் சொன்னதும் அனுப்பிவைக்கப்படுகிறார். அவர் என்ன சொன்னார் என்று எவரும் கேட்பதில்லை. இப்பழக்கத்தால் விளைந்த பிழைகளுள் இரண்டை இங்கே சுட்டுவோம்.

ஒன்று, கனாத் முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு என்னும் கூற்று. இது சரியன்று. இஸ்லாத்திற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீகத்தில் கனாத்கள் இருந்தன. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், வறண்ட நிலத்திற்கு நீர் கொண்டுவருபவருக்கு ஐந்து தலைமுறை வரை அந்நிலத்தின் பயனைப் பாரசீக ஆட்சியாளர் வழங்கினர் என்று எழுதியுள்ளார். அல்ஐன் பகுதியில் அகழாய்வில் வெளிப்பட்ட ஃபலஜ் ஒன்று ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு பழைமையுடையதாகக் கணிக்கப்பட்டுள்ளது. ஆகவே தோற்றம் பாரசீகமா, அரபகமா என்பதே ஆய்வாளரிடையே முடியாத வழக்காக உள்ளது. முஸ்லிம்கள் செய்தது வேறு. அவர்கள் இக்கலையைப் பெற்றுக்கொண்டார்கள். மொராக்கோ முதல் தக்காணம் வரை கொண்டுசென்றார்கள். அதற்குச் சட்டமும் நூலும் வகுத்தார்கள். இது கண்டுபிடிப்பினும் சிறியதொரு சேவை என்று நாம் கருதவில்லை.

மற்றொன்று நம் நாட்டைச் சார்ந்தது. மத்தியப் பிரதேசத்துப் புர்ஹான்பூரில், சாத்பூரா மலைச்சரிவின் நீரைச் சுரங்கவழியாக நகருக்குக் கொணரும் ‘குண்டி பண்டாரா’ என்னும் அமைப்பு இன்றும் உள்ளது. முகலாயத் தளபதியும் கவிஞருமான அப்துர் ரஹீம் கானே கானானின் காலத்தில், 1615இல், அது அமைந்தது. அதனை வகுத்தவர் ‘தப்கத்துல் அர்ஸ்’ என்னும் பெயருடைய பாரசீக நிலவியலாளர் என்று பயண நூல்களும் கட்டுரைகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவருகின்றன. அரபு கற்றோர் இப்பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். ‘தபகாத்துல் அர்ள்’ என்றால் பூமியின் அடுக்குகள் என்று பொருள். அது ஒரு மனிதரின் பெயராக நமக்குத் தோன்றவில்லை; மண்ணடுக்குகளை அறிந்தவர் என்ற பட்டமோ, அவர் கற்றிருந்த துறையின் பெயரோ காலப்போக்கில் ஆளின் பெயராகிவிட்டது என்றே எண்ணத் தோன்றுகிறது. நீர் கொண்டுவந்தவரின் உண்மைப் பெயர் இழந்து போயிற்று; நாமும் ஆராயாது பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

நூல் சொல்வது

கனாத் செயல்படும் முறை எளிது; அமைப்பதுதான் கடினம். மலையடிவாரத்தில் நீர் தாங்கும் மண்ணடுக்கு வரை ஒரு கிணறு தோண்டுவர். இது தாய்க்கிணறு. பின்னர் தொலைவில், நீர் வெளிப்பட வேண்டிய தாழ்ந்த நிலத்திலிருந்து அதனை நோக்கிச் சிறு சரிவுடன் சுரங்கம் குடைந்து செல்வர். வழிநெடுக மேலிருந்து கிணறுகள் இறங்கும். சுரங்கம் நீரடுக்கைத் தொட்டதும், ஏற்றமோ கமலையோ விலங்கின் உழைப்போ இன்றி, நீர் தன் எடையாலேயே வெளியே நடந்து வரும். ஈரானின் குனாபாத்திலுள்ள கஸபா கனாத் இவ்வாறு 33 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதன் தாய்க்கிணற்றின் ஆழம் 200 மீட்டரைத் தாண்டுகிறது. 2016இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்த பதினொரு பாரசீகக் கனாத்களுள் அதுவும் ஒன்று.

இதில் எல்லாம் சரிவைப் பொறுத்தது. சரிவு மிகுந்தால் நீர் விரைந்தோடித் தரையை அரித்துச் சுரங்கத்தைச் சாய்த்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து வழி அடைபடும். நீண்ட கனாத்களில் ஆயிரம் முழத்திற்கு ஒரு முழம் அளவுக்கும் குறைவாகவே சரிவு இருக்கும். இருளில், மண்ணுக்கடியில், ஒரு கிணற்றிலிருந்து மறு கிணற்றுக்கு இந்நுண்ணிய அளவு பிழையாமல் செல்வது எங்ஙனம்? இங்கேதான் கரஜீயின் கணிதம் கை கொடுக்கிறது. மட்டம் பார்ப்பதற்கு அக்காலத்தில் வழங்கிய கருவிகளை அவர் விவரிக்கிறார். இரு கோல்களுக்கிடையே கட்டிய நூலில் தொங்கும் தூக்குக்குண்டு அவற்றுள் ஒன்று. அத்துடன் நில்லாமல், தாமே அமைத்த கருவிகளையும் விளக்குகிறார்: துளைவழி நோக்கும் குழல், அளவு குறித்த தகடு, தொலைவில் நிறுத்திய அளவுகோல். அவற்றைச் சரிபார்ப்பது எப்படி, கணக்கிடுவது எப்படி என்பவையும் நூலில் உண்டு.

இவையன்றி, நீர் இருக்கும் இடத்தை மலையின் தோற்றத்தாலும் செடிகொடிகளாலும் உய்த்தறிதல், நீரின் வகைகள், மழையும் பனியும் நிலத்தடி நீருக்கு ஊட்டமாதல், இளகிய மண்ணில் சுரங்கத்திற்கு உட்சுவர் அமைத்தல், பழைய கனாத்தைப் பேணுதல் ஆகியவற்றையும் அவர் பேசுகிறார். பூமியை உலகின் அசையா மையமாகக் கொண்டு அவர் தொடங்கும் பகுதி இன்று அறிவியல் ஆகாது. அதை மூடிமறைக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. பூமியின் இடம் பற்றி அவர் தம் காலத்தவர் நம்பியதையே நம்பினார். ஆனால் தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தாலும் ஓடாது என்ற இடத்தில் நம்பிக்கையை விட்டு அளவுகோலை எடுத்தார். அவருடைய பெருமை அங்கேதான் உள்ளது.

எண்ணும் மண்ணும்

ஆயினும் இந்நூலில் நம்மைப் பெரிதும் ஈர்த்தது ஹரீம் பற்றிய பகுதி. ஹரீம் என்றால் காப்பெல்லை. ஒரு கிணற்றையோ ஊற்றையோ சுற்றிப் பிறர் தோண்டலாகாத பரப்பு. கணிதர் ஒருவர் ஃபிக்ஹின் இயலொன்றைத் தம் பொறியியல் நூலுக்குள் ஏன் கொண்டுவர வேண்டும்?

இதற்கொரு முன்கதை உண்டு. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் குராசானை ஆண்ட அப்துல்லாஹ் இப்னு தாஹிரிடம் கனாத் வழக்குகள் ஓயாமல் வந்தன. ஃபிக்ஹு நூல்களிலும் ஹதீஸ்களிலும் அவற்றுக்கு நேரடி விடை போதிய அளவு கிடைக்கவில்லை. எனவே குராசானின் ஃபுகஹாக்களையும் இராக்கின் சிலரையும் கூட்டிக் கனாத் சட்டங்களுக்கென ஒரு நூல் இயற்றச் செய்தார். ‘கிதாபுல் குனிய்யு’ எனப்பட்ட அந்நூல் இரு நூற்றாண்டுகள் கழிந்தும் வழக்கில் இருந்ததாக வரலாற்றாசிரியர் கர்தீஸீ குறிப்பிடுகிறார். இன்று அது கிடைக்கவில்லை. நூலில் இல்லாததை நூலில் இல்லை என்று ஒப்புக்கொண்டு, அறிந்தோரைக் கூட்டிப் புதிதாக ஆராய அன்றைய உலமாக்கள் தயங்கவில்லை என்பதை அக்குறிப்பு நமக்கு உணர்த்துகிறது.

பிற்கால ஃபிக்ஹு நூல்கள் இதில் இரு வழிகளில் சென்றன. ஹனஃபீ மத்ஹபின் ‘ஹிதாயா’ எண்களைத் தருகிறது: கால்நடைக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு நாற்பது முழம், ஊற்றுக்கு ஐந்நூறு முழம். கனாத்திடம் வரும்போது அந்நூலும் தயங்குகிறது. அதற்குத் தேவையான அளவு ஹரீம் உண்டு என்கிறது. அது கிணற்றைப் போன்றது என்னும் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்தைச் சொல்கிறது. நீர் வெளியே தோன்றும் வரை அது உண்மையில் ஓர் ஆறே, ஆகவே அதற்கு ஹரீம் இல்லை என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பெயரால் சொல்லப்படுவதையும் பதிவு செய்கிறது. நீர் வெளிப்பட்ட இடத்தில் அது ஊற்றாகிவிடுவதால் ஐந்நூறு முழம் என்றும் கூறுகிறது. கிணறா, ஆறா, ஊற்றா? ஒரே பொருள் மூன்று இடத்தில் மூன்றாக நிற்கிறது. கனாத்தைக் கண்டறியாத மாணவருக்கு இது சொற்போராகத் தோன்றும். கண்டவருக்கோ, மூன்றும் உண்மை என்று விளங்கும்.

ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எண்ணையே விட்டுவிடுகிறார்கள். எந்த எல்லைக்குள் தோண்டினால் கனாத் கிணறுகளின் நீர் குறையுமோ, அல்லது அவை இடிந்து விழும் அச்சம் எழுமோ, அதுவே அவற்றின் ஹரீம் என்பது அவர்களின் வரையறை. எத்தனை முழம் என்பதை இங்கே கிதாபு சொல்லாது. மண்ணைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடையில் வைத்து வாசிக்க வேண்டியவர் கரஜீ. நவவீ அவர்களுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்ட அவர், சட்டவியலாளர் வகுத்த அளவுகளை மதிப்புடன் எடுத்துரைக்கிறார். பிறகு மண்ணின் இயல்பைக் கணக்கில் கொள்கிறார். இறுகிய நிலத்தில் நீர் மெல்லக் கசியும். இளகிய நிலத்தில் தொலைவிலிருந்தும் ஓடிவரும். ஆகவே ஒரே எண் இரு நிலங்களிலும் ஒரே நீதியைத் தர இயலாது. ஈரானின் குடிமைச் சட்டத்தின் 138ஆம் பிரிவு கனாத்திற்கு இளகிய நிலத்தில் 500 கஸ், இறுகிய நிலத்தில் 250 கஸ் என்று விதித்துவிட்டு, தீங்கைத் தடுக்க அதுவும் போதாவிடில் தேவையான அளவு கூட்டிக்கொள்ளலாம் என்று முடிப்பதில் இச்சிந்தனையின் தொடர்ச்சியைக் காணலாம்.

இங்கே கரஜீ சட்டத்தை மீறவில்லை. சட்டத்தின் நோக்கம் நிறைவேற வேண்டுமானால் எதை அறிந்திருக்க வேண்டும் என்பதைச் சேர்க்கிறார். தீங்கு தடுக்கப்பட வேண்டும் என்பதை ஃபகீஹ் சொல்வார். தீங்கு எவ்வளவு தூரம் பரவும் என்பதை மண்ணை அறிந்தவரே சொல்ல முடியும். இவ்விரு அறிவும் ஒரு நூலுக்குள் சந்திக்கின்றன. நம் பட்டியல்களில் கரஜீ ‘அறிவியலாளர்’ பக்கத்தில் வைக்கப்பட்டதால் ஃபிக்ஹு மாணவர் அவரை ஓதுவதில்லை. அறிவியலார்வம் உடையோர் அவருடைய ஹரீம் பகுதியைத் தாண்டிச் செல்கின்றனர். இருசாராரும் நூலின் நெஞ்சைத் தவறவிட்டனர் என்பதே நம் குற்றச்சாட்டு. அதில் நமக்கும் பங்குண்டு.

மாணவரின் கேள்வி

இனி அம்மாணவரின் சுரங்கத்திற்கு வருவோம். காசர்கோட்டிலும் அதையொட்டிய தென் கன்னடப் பகுதியிலும் வெட்டுக்கல் எனப்படும் செம்பாறைக் குன்றுகளில் ஆயிரக்கணக்கான சுரங்கங்கள் குடையப்பட்டுள்ளன. ஓர் ஆள் குனிந்தோ நிமிர்ந்தோ நுழையும் அளவே அகலம். சில மீட்டரில் நீர் கிடைத்துவிடுவதும் உண்டு. முந்நூறு மீட்டர் வரை செல்வதும் உண்டு. கசிந்து வரும் நீர் தொட்டியில் தேங்கிக் குடும்பத்தின் தாகத்தையும் பாக்குத் தோட்டத்தையும் காக்கிறது. பாரசீகத்தில் ஊர் கூடிப் பங்கிட்ட கனாத்தைப் போலன்றி, இங்குப் பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குரியது. தாய்க்கிணறு இல்லாமலேயே குடையப்படுவதும் மிகுதி. அரபு வணிகர்கள் வழியாக இக்கலை வந்தது என்று சிலர் கூறுவர். அதற்கு உறுதியான ஆவணம் இல்லாததால் நாம் அதைப் பிடித்துக்கொண்டு பெருமை பேச விரும்பவில்லை. வேர் வேறாயினும் வேலை ஒன்றே: இரண்டும் நிலத்தடி நீரைப் புவியீர்ப்பால் மட்டுமே பெறுகின்றன.

இதன் விளைவு கூர்ந்து நோக்கத்தக்கது. சுரங்கம் தன் மட்டத்திற்குக் கீழுள்ள நீரைத் தொட முடியாது. மழை குறைந்த ஆண்டில் அதுவும் குறைத்தே தரும். பேராசைக்கு இடமில்லாத கருவி அது. இயந்திரத்தால் இறைக்கும் ஆழ்துளைக் கிணறோ அந்த மட்டத்திற்கு வெகு கீழிருந்தும் இழுக்கும். நீர்மட்டம் தாழ்ந்ததும் சுரங்கம் வறண்ட குகையாகிவிடும். இருபதாம் நூற்றாண்டில் ஈரானில் எண்ணற்ற கனாத்கள் இவ்வாறே வறண்டன. ஐந்நூறு முழத்திற்கு அப்பால் போடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளும் அவற்றின் நீரைப் பறித்தன. எண்ணின்படி பார்த்தால் எவரும் ஹரீமை மீறவில்லை. நவவீ அவர்களின் வரையறைப்படி பார்த்தால் மீறல் நிகழ்ந்துவிட்டது.

ஆனால் மாணவருக்கு நாம் சொன்ன விடை நவவீ அவர்களின் மத்ஹபைச் சார்ந்ததுதானே? ஆம். அவ்வரையறை பொதுத் தரிசுக்குரியது. சொந்த நிலத்தில் தோண்டுபவருக்கு அத்தடை இல்லை என்றே அம்மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. சொன்னது தவறான மேற்கோள் அன்று. கேள்வியைச் சரியாக விளங்கிக்கொள்ளாமல் சொன்னதே நம் பிழை. ஏனெனில் ‘மின்ஹாஜ்’ அவ்விடத்திலேயே ஒரு நிபந்தனையை வைத்திருக்கிறது: ஒவ்வொருவரும் தம் உடைமையை வழக்கத்திற்கேற்பக் கையாளலாம், வரம்பு மீறினால் அவர் பொறுப்பாளி ஆவார். கையாலும் கயிற்றாலும் இறைத்த காலத்து வழக்கமும், இரவு பகலாக இயந்திரம் இழுக்கும் காலத்து வழக்கமும் ஒன்றாகுமா? முன்னதில் அண்டை வீட்டார் கிணற்றில் சிறிது குறையும், இருவரும் வாழ்வர். பின்னதில் ஒருவர் வாழ, மற்றவர் ஊரைவிட்டுச் செல்ல நேரும். மாலிகீ மத்ஹபின் ‘முதவ்வனா’, சொந்த நிலத்தில் தோண்டினாலும் அண்டையார் கிணற்றுக்குத் தீங்கு வருமாயின் தடுக்கலாம் என்னும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்தைப் பதிவு செய்திருப்பதையும் நாம் அன்று மாணவரிடம் சொல்லவில்லை. தண்ணீரில் மக்கள் அனைவரும் கூட்டாளிகள் என்னும் கருத்துடைய நபிமொழியையும் நினைவூட்டவில்லை.

இன்னும் ஆழமான ஒன்றுண்டு. ‘சொந்த நிலம்’ என்று நாம் சொல்வது மேற்பரப்பை வைத்து. வேலி மண்ணின் மேலே நிற்கிறது. நீர் வேலிக்குக் கீழே நடக்கிறது. என் நிலத்தடியில் இன்று உள்ள நீர் நேற்று அண்டையார் நிலத்தடியில் இருந்தது. நாளை மூன்றாமவரிடம் செல்லும். கரஜீயின் நூலைக் கற்ற ஒருவருக்கு இது பாலபாடம். கற்காத நமக்கோ, சொந்த நிலத்துக் கிணற்று நீர் பெட்டிக்குள் இருக்கும் பணத்தைப் போலத் தோன்றிவிட்டது.

இங்கே நாம் ஃபத்வா வழங்கவில்லை. அது அதற்குரியோரின் பணி. அவர்கள் முன் நாம் வைப்பது ஒரு வேண்டுகோள் மட்டுமே: ஆழ்துளைக் கிணறு பற்றிய கேள்வி வரும்போது ‘மவாத்’, ‘மில்க்’ என்னும் இரு சொற்களோடு நின்றுவிடாமல், அந்த மண்ணை அறிந்த நிலத்தடி நீரியலாளர் ஒருவரையும் அவையில் அமர்த்திக்கொள்ள வேண்டும். இது புதுமையன்று. அப்துல்லாஹ் இப்னு தாஹிரின் காலத்தில் ஃபுகஹாக்கள் அமர்ந்த அவைக்கும், கரஜீயின் நூலுக்கும் நாம் பட்ட கடனை அடைக்கும் வழி அது.

அம்மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். சென்ற ஆண்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். அன்று சொன்ன விடை முழுமையானதன்று என்றும், மேற்கண்டவற்றைக் கருதிப் பார்க்குமாறும், ஊரிலுள்ள ஆலிம்களிடம் இவற்றை எடுத்துரைக்குமாறும் வேண்டினோம். வறண்ட சுரங்கத்தில் கடிதத்தால் நீர் வராது என்பதை அறிவோம். இப்போதெல்லாம் அந்த இயலைத் தொடங்குமுன் கரும்பலகையில் ஒரு மலையை வரைகிறோம். அதன் அடியில் ஒரு தாய்க்கிணறு, சரிந்து வரும் ஒரு கோடு, அதன் மேல் வரிசையாகச் சிறு கிணறுகள். அதன் பிறகே கிதாபைத் திறக்கிறோம்.